மோதிரம் கழற்றுகிறவள்

எஸ்தெலியில் காலை எட்டு மணிக்குள்
ஆறு சுருட்டுகளுக்கும் மோதிரத்தைக் கழற்றிவிடுவேன்.
சிங்கம், கிரீடம், தங்க விளிம்பு,
யாரென்று தெரியாத ஒரு மீசைக்காரர்
எல்லாம் இழுப்பறைக்குள்.
மோதிரம் இருந்த இடத்தில் இலை
ஒரு சுற்று வெளுத்திருக்கும்,
என் விரலில் இருப்பது மாதிரியே.
அந்த வெளுப்பின் அகலத்தைப் பார்த்தே
கம்பெனியைச் சொல்லிவிடுவார் ஃபெர்மின்.
அதனால் மேலே வெள்ளைத் தாள் சுற்றி
ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவேன்.
எந்த எண் எந்த வீட்டுப் பிள்ளை என்பது
எனக்கும் நோட்டுக்கும் மட்டும்.

சுவைக்க மூன்று பேர்.
எவரிஸ்தோ, பதப்படுத்தும் கொட்டகையில்
சூடேறிய இலைக்குவியலுக்குள் கை நுழைத்து
நாள் கணக்குச் சொன்னவர்.
சொய்லா, புகைக்கும் நாளில்
உப்பால்தான் பல் விளக்குவாள்;
பற்பசையின் புதினா
மத்தியானம் வரை நாக்கில் குடியிருக்குமாம்.
அப்புறம் ஃபெர்மின்.
ஒன்பது நாளாகக் கைபேசியை
மேசையில் கவிழ்த்தே வைத்திருக்கிறார்.
மகன் யாதெர் வடக்கே போய்க்கொண்டிருக்கிறான்,
எந்த நாட்டில் என்று தெரியாமல்.

வெந்நீர். உப்பில்லாத ரொட்டி.
ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு மட்டும்.
பேச்சுக் கூடாது. இருமலாம்.

ஒன்று, பரவாயில்லை.
இரண்டு, மூக்கு வழியே விட்டால் இலவங்கம்.
மூன்று வந்தது.
எவரிஸ்தோ முகத்தைச் சுளித்தார்.
‘ஈரச் சாக்கு’ என்று எழுதினாள் சொய்லா.
‘தொண்டையில் கமறல், சாம்பல் நிற்கவில்லை’
என்றது ஃபெர்மினின் சீட்டு.
எழுபத்திரண்டு, எழுபத்தைந்து, எழுபது.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
ஆறாவதன் மோதிரத்தில் பசை அதிகம்.
உரித்தபோது மேலிலையும் கூடவே வந்துவிட்டது.
மாற்று கிடையாது.
மூன்றாவதன் பெட்டியில் இன்னொன்று கிடந்தது,
அதே நீளம், அதே நிறம்.
தாளைச் சுற்றி ஆறு என்று எழுதினேன்.
சதி ஒன்றுமில்லை,
எட்டடிக்க நான்கு நிமிஷம் இருந்தது.

ஐந்தாவது பாதி எரியும்போது
கவிழ்ந்திருந்த கைபேசி மேசையில் நடுங்கியது.
ஃபெர்மின் எடுத்தார்.
கேட்டார். கேட்டுக்கொண்டேயிருந்தார்.
பிறகு எங்களைப் பார்த்து, விதி மறந்து,
‘ஆற்றைக் கடந்துவிட்டான்’ என்றார்.
சொய்லா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.
எவரிஸ்தோ எழுந்து ஜன்னலைத் திறந்தார்,
ஏனென்று கேட்டால் அவருக்கும் தெரியாது.
பேருந்தின் ஆரன், யாரோ சோளரொட்டி கூவி விற்கும் குரல்,
மலைப்பக்கமிருந்து கொஞ்சம் குளிர்
எல்லாம் அறைக்குள் வந்தன.

அப்படித்தான் ஆறைப் பற்றவைத்தார்கள்.

‘மழை விட்ட காப்பித் தோட்டம்’ என்றாள் சொய்லா.
எவரிஸ்தோ ஒரு பங்கோடு நிறுத்தவில்லை,
விரல் சுடும்வரை இழுத்தார்.
‘இது யாருடையது?
யாராக இருந்தாலும் அவன் கையை முத்தமிடுவேன்.’
தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று.
ஃபெர்மின் நூறு போட்டு, அடித்து,
தொண்ணூற்றொன்பது என்றார்.
நூறு கடவுளுக்காம்.

கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன்.
எழுபதுக்காகவும் திட்டுவார்கள்,
தொண்ணூற்றொன்பதுக்காகவும் அச்சடித்து ஒட்டிவிடுவார்கள்.

அவர்கள் போனபின் கிண்ணத்திலிருந்து
இரண்டு துண்டுகளையும் எடுத்து
மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.
இரவு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தபோது
வெள்ளைத் தாள் இரண்டும் உரிந்து
பையின் மூலையில் கசங்கிக் கிடந்தன.
எது மூன்று, எது ஆறு?
ஒன்றைப் பற்றவைத்தேன். காறல்.
மற்றதைப் பற்றவைத்தேன். காறல்.
அணைந்த சுருட்டு திரும்ப எரிந்தால்
அப்படித்தான் இருக்கும், யாருக்கும் தெரியும்.

நோட்டில் ஆறுக்கு எதிரே
‘மேலிலை கிழிந்தது, மதிப்பிடவில்லை’ என்று எழுதினேன்.
மூன்றுக்கு எதிரே இன்னும் எழுதவில்லை.
வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.